ஆங்கிலம் கற்பிக்கக் கடல் கடக்கும் ஆரணிப் பிள்ளைகள்

கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த ஆரணி தறியால் பேர்பெற்ற ஊர். சேவூர், ஒண்ணுபுரம், தேவிகாபுரம் என, நெசவையே வாழ்வாகக் கொண்ட ஊர்கள் அதனைச் சூழ்ந்துள. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. அப் பட்டு கடல் கடந்து போவதை எவரும் குறையாகக் கூறார். அதனை நெய்த கைகளுக்குப் பிறந்த மக்கள், ஆங்கில இலக்கியத்தில் பட்டம் பெற்று, ஆசிரியப் பயிற்சியும் முடித்து, அயல்நாட்டுக் குழந்தைகட்கு ஆங்கிலம் கற்பிக்கக் கடல் கடப்பதையும் குறையாகக் கூறுதல் தகாது. பட்டுநூல் விலை ஏறும்போது நெசவுக் கூலி ஏறுவதில்லை. விசைத்தறியின் போலிப் பட்டு கடைதோறும் மலிந்தபின் கைத்தறி படும் பாட்டைத் தறிக்குழியில் கால் வைத்தவனே அறிவான். அவ்வீட்டுப் பிள்ளை வெளிநாட்டுப் பள்ளி யொன்றில் சம்பளம் பெற்றுத் தந்தையின் கடனை அடைப்பது நன்றே.

தமிழ்ப் பற்றாளருள் சிலர் இச் செய்தி கேட்டதும் முகம் சுளிப்பதுண்டு. ஆங்கிலம் என்னும் பெயரே அவர்க்குக் கசக்கிறது. அது பிழையான சுளிப்பு. மறைமலையடிகள் ஆங்கிலத்தில் ஆழ்ந்த புலமை உடையவர். பாவாணர் தமிழின் முதன்மையை உலகுக்கு உரைக்க 1966-இல் ஆங்கிலத்திலேயே பெருநூல் எழுதினார். ஆரணியின் பெயரையே தம் பெயர்முன் கொண்ட குப்புசாமி முதலியார், ஆங்கிலப் புதினங்களைத் தழுவித் தமிழ்ப் புதினங்களாக எழுதிக் குவித்தவர். அம் மூவர்க்கும் ஆங்கிலம் கருவியாக இருந்தது.

குறை வேறோரிடத்தில் உளது. அயல்நாடு சென்ற ஒருவரைச் சுட்டிக்காட்டி, "பார், பிள்ளையை முதல் வகுப்பிலிருந்தே ஆங்கிலவழியில் சேர்த்தால் இப்படி வேலை கிடைக்கும்" என்று ஊரெல்லாம் சொல்லப்படுகிறது. அச் சொல்லை நம்பி நகையை அடகு வைக்கும் தாய்மார் உளர். தறியையே விற்கும் தந்தையர் உளர். பிள்ளையின் கையிலிருந்து தமிழ் நழுவுவதை அவர் ஒரு விலையாகவே எண்ணிக் கொடுக்கின்றனர். கொடுத்த விலைக்குப் பொருள் கிடைக்கிறதா என்பதை, அவ் வேலைக்குச் சென்றோர் முதலாண்டில் காணும் காட்சிகளைக் கொண்டே ஆராயலாம்.

ஆங்கிலம் கற்பிக்கவும் ஆங்கிலத்தில் கற்பிக்கவும் தென்னாட்டார் கடல் கடப்பது நேற்றுத் தோன்றிய வழக்கன்று. எத்தியோப்பியாவில் பேரரசர் ஐலே செலாசியின் ஆட்சி 1974-இல் முடியும் வரை, அந்நாட்டு உயர்நிலைப் பள்ளிகளில் இந்திய ஆசிரியர் பலர் பணியாற்றினர். அவருள் மலையாளிகள் மிகுதி, தமிழரும் உளர். பூட்டானின் மலைப் பள்ளிகளுக்கும் அவ்வாறே சென்றனர். மாலத் தீவுகளில் 1961 முதல் அரசுப் பள்ளிகள் ஆங்கிலவழிக்கு மாறத் தொடங்கியபின் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் ஆசிரியர் வரவழைக்கப் பெற்றனர். சப்பான் 1987-இல் ஒரு பெருந்திட்டம் வகுத்து, அயல்நாட்டு இளைஞரைத் தன் பள்ளிகளில் ஆங்கிலத் துணையாசிரியராக அமர்த்தத் தொடங்கியது. இக்காலோ கொரியா, தாய்லாந்து, வியத்துநாம், சீனம் எனக் கீழை நாடுகள் பலவும் ஆங்கில ஆசிரியரைத் தேடுகின்றன.

கொரியப் பள்ளி யொன்றில் முதல் வேலை ஏற்கும் ஆரணிப் பெண்ணை எண்ணிப் பார்க்க. குளிர், உணவு, தனிமை ஆகியவை சில திங்களில் பழகிவிடும். வகுப்பறை அவ்வளவு எளிதில் பழகாது. ஊரில் பயிற்சி பெற்றபோது ஆங்கிலப் பாடத்தின் ஒவ்வொரு வரிக்கும் தமிழில் உரை சொல்லியே அவர் கற்பித்திருப்பார். அப்போது தமிழ் உதவுகிறது என்பதே அவர்க்குத் தோன்றியிராது. தண்ணீரை மீன் அறியாதது போல. கொரிய வகுப்பிலோ அவர் பேசுவது ஆங்கிலம் மட்டுமே. நூலைத் திறக்கச் சொன்னால் சில பிள்ளைகள் எழுந்து நிற்பர். எழுந்து நிற்கச் சொன்னால் சிரிப்பர். படம் வரைந்தும், கையசைத்தும், தாமே ஓடியும் குதித்தும் காட்டிச் சோர்ந்து நிற்கும் வேளையில், அருகில் நிற்கும் கொரிய ஆசிரியர் தம் மொழியில் ஒரே ஒரு சொல் சொல்வார். முப்பது முகங்களும் ஒருங்கே மலரும்.

அந்நாட்டு அரசுப் பள்ளிகளில் அயல்நாட்டுத் துணையாசிரியரோடு கொரிய ஆசிரியரும் உடன்நின்று கற்பிப்பது வழக்கம். பிள்ளையின் தாய்மொழி அறிந்தவர் ஒருவர் அறையில் இல்லாமல் ஆங்கிலம் பிள்ளையின் காதுக்குள் புகாது என்பதை அவ்வரசு அறிந்தே அவ்வாறு அமைத்துளது. ஆரணியிலோ, வீட்டில் ஆங்கிலச் சொல் ஒன்றும் கேளாத மூன்றரை அகவைக் குழந்தையின் முன் நின்று, தமிழில் பேசினால் தண்டம் என்று மிரட்டும் மழலையர் பள்ளிகள் உள. எது கல்வி, எது கூத்து?

ஊன்றிப் பழகும் ஆசிரியர் அடுத்த திங்களிலிருந்து கொரியச் சொற்களைத் தாமே பொறுக்கத் தொடங்குவார். அப்போது ஒரு வியப்புக் காத்திருக்கும். "நான் பள்ளிக்குப் போகிறேன்" என்னும் தமிழ்த் தொடரின் சொற்கள் நின்ற வரிசையிலேயே கொரியத் தொடரின் சொற்களும் நிற்கும். வினை இறுதியில் வரும். வேற்றுமை உருபு பெயருக்குப் பின் ஒட்டும். "நேற்று வந்த பையன்" என்பதுபோல் அடை முன்னே நிற்கும். ஆங்கிலத்திலோ எல்லாம் தலைகீழ். சப்பானிய மொழியும் இவ் வகையில் தமிழ்போன்றதே. சப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு காட்ட முனைந்த பேராசிரியர் சுசுமு ஓனோவின் ஆய்வை ஏற்பாரும் மறுப்பாரும் உளர்; அது நிற்க. உறவு எதுவாயினும், தொடரமைப்பின் ஒற்றுமை கண்ணெதிரே உளது. ஆங்கிலத் தொடரில் கொரியக் குழந்தை இடறும் இடம், ஒருகால் தமிழ்க் குழந்தை இடறிய இடமே. இலண்டனில் பிறந்தவர் அவ்விடத்தில் இடறியதே இல்லை. ஆதலின் குழந்தை ஏன் இடறுகிறது என்பது அவர்க்கு எளிதில் விளங்காது. தமிழ் இலக்கணத்தை முறையாகக் கற்ற ஆசிரியர்க்கு அது நொடியில் விளங்கும். ஆங்கிலவழியில் படித்து, வேற்றுமை இன்னது, பெயரெச்சம் இன்னது என்றே அறியாதவர்க்கோ அக் கை விளக்கு இல்லை.

ஒலிப்பிலும் இதே செய்தி. கொரிய மொழியில் பல்லும் இதழும் சேர்ந்து பிறக்கும் வகர ஒலி இல்லை. அப் பிள்ளைகள் அவ்விடத்தில் இதழிரண்டையும் சேர்த்துப் பகரம்போல ஒலிப்பர். எத்துணை முறை சொல்லிக் காட்டினும் காது அவ் வேறுபாட்டை எளிதில் பற்றாது. நாவையும் பல்லையும் இதழையும் எங்கே வைப்பது என்று காட்டுவதொன்றே வழி. தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் மூன்றாம் இயலான பிறப்பியல் செய்வது அதுவே. இதழிரண்டும் சேரப் பிறப்பவை பகரமும் மகரமும்; மேற்பல்லும் இதழும் சேரப் பிறப்பது வகரம் என்று ஒவ்வோர் எழுத்துக்கும் இடமும் முயற்சியும் வகுத்துரைக்கிறது அந்நூல். இக்கால ஒலியியலைத் தொழிலாகக் கற்பிக்கும் பயிற்சிகளில் பணம் கட்டிப் பெறுவதன் வித்து, ஊரில் எட்டணாப் பெறாது என்று ஒதுக்கிய இலக்கண நூலில் உறங்கிக் கிடக்கிறது.

கொரியர்க்கு இதனை எடுத்துச் சொன்னால் மகிழ்ந்து கேட்பர். அவர்தம் எழுத்தும் அத்தகைய அறிவில் பிறந்தது. மன்னர் சேசோங் 1443-இல் அமைத்து 1446-இல் வெளியிட்ட அவ் வெழுத்துகளில், மகரத்துக்கு வாயின் வடிவம். நகரத்துக்கு மேல்நோக்கி வளையும் நாநுனியின் வடிவம். ககரத்துக்கு உள்வாயை அடைக்கும் அடிநாவின் வடிவம். அதுவரை சீன எழுத்தைக் கற்ற சிறு கூட்டத்தார்க்கே கல்வி உரியதாக இருந்தது. எளிய மக்களும் எழுதப் படிக்க வேண்டும் என்று ஓர் அரசர் தாமே எழுத்து அமைத்தார். தென்கொரியாவில் அக்குதோபர் 9 அவ் வெழுத்துக்குரிய விடுமுறை நாள். பள்ளி மூடியிருக்க, அயல்நாட்டு ஆங்கில ஆசிரியரும் அன்று வீட்டில் அமர்ந்திருக்க வேண்டியதே.

இனி, ஊரார் அறியாத, அறிந்தாலும் உரக்கச் சொல்லாத செய்தி ஒன்று. கொரியாவில் ஆங்கிலம் கற்பிப்பதற்குரிய நுழைவிசைவு அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அயர்லாந்து, ஆத்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டுக் குடிமக்கட்கே பொதுவாக உரியது. இந்தியாவுக்கும் கொரியாவுக்கும் 2009-இல் கையெழுத்தாகி 2010 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த பொருளியல் ஒப்பந்தத்தால், ஆங்கிலப் பட்டமும் ஆசிரியச் சான்றும் உடைய இந்தியர்க்குப் பள்ளித் துணையாசிரியர் வேலைக்கு ஒரு சிறு வாயில் திறந்தது. அவ் வாயிலில் நிற்கும் இந்தியரிடம் கேட்கப்படுவது பட்டமும் சான்றும். மழலையர் பள்ளி முதல் ஆங்கிலவழியில் படித்தவரா, தாய்வழியில் படித்துப் பின் ஆங்கிலம் கற்றவரா என்னும் வேற்றுமைக்கு அங்கே இடமில்லை. வேறு சில நாடுகளிலும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாக உடைய நாட்டார்க்கே முதலிடம். ஏனையோர் தேர்வெழுதி மதிப்பெண் காட்ட வேண்டும்.

இதன் பொருளை ஆரணித் தாய்மார் உணர வேண்டும். தமிழைக் கைவிட்டு, வீட்டிலும் ஆங்கிலம் பேசி, அப்பா அம்மா என்னும் சொற்களையும் மாற்றி வளர்த்த பிள்ளையைக்கூட, ஆங்கிலத்துக்கு உரியவன் என்று உலகம் ஏற்பதில்லை. கடவுச்சீட்டைப் பார்த்ததும் அவன் ஆங்கிலம் "கற்றவன்" வரிசையில் நிறுத்தப்படுகிறான். அதிலே நாணத்தக்கது ஒன்றுமில்லை. ஆனால் அவ் வரிசையில் நிற்பதற்குத் தமிழை விலையாகக் கொடுக்க வேண்டிய தேவையும் இருந்ததில்லை.

அப் பள்ளிகளில் ஆங்கிலத்துக்குத் தந்துள்ள இடம் எவ்வளவு என்பதையும் புதிய ஆசிரியர் விரைவில் காண்பார். கொரியத் தொடக்கப் பள்ளியில் 1997 முதல் ஆங்கிலம் மூன்றாம் வகுப்பில் தொடங்கும் ஒரு பாடம். கணக்கும் அறிவியலும் வரலாறும் கொரிய மொழியிலேயே. சப்பானில் ஐந்தாம் ஆறாம் வகுப்புகளில் ஆங்கிலம் முறையான பாடமானதே 2020-இல்தான். ஊர்தியும் கப்பலும் மின்கருவியும் செய்து உலகெங்கும் விற்கும் நாடுகள் இவை. அங்கும் ஆங்கில மயக்கம் இல்லாமல் இல்லை. கொரியப் பெற்றோர் மாலைநேரத் தனிப்பயிற்சிக் கூடங்களுக்குக் கொட்டும் பணம் பெரிது. அதனால் பிள்ளைகள் படும் அலைச்சலும் பெரிது. எனினும் மயக்கம் பள்ளிக்கு வெளியே நிற்கிறது. பயிற்றுமொழியின் அரியணையில் ஏறவில்லை.

அவ்வாறு ஏறிய நாடுகளும் உள. அவற்றை மறைப்பது நேர்மையாகாது. பூட்டானில் புதுமுறைப் பள்ளிகள் தோன்றியபோது, இந்திய நூல்களும் ஆசிரியரும் எளிதில் கிடைத்தமையால் இந்தியே பயிற்றுமொழியாக இருந்தது. 1960-களின் தொடக்கத்தில் அதனை விடுத்து ஆங்கிலத்தைக் கைக்கொண்டனர். இந்தியைக் கைவிட்டது அறிவுடைமை, அவ்விடத்தில் தம் மொழியை அமர்த்தாமை இழப்பு. நாட்டுமொழியாகிய சோங்கா ஒரு பாடமாக நிற்கிறது. மாலத் தீவுகளின் வரலாறு இன்னும் கருதத்தக்கது. இராசராசன் கல்வெட்டுகள் அவன் வென்றதாகக் கூறும் பன்னீராயிரம் பழந்தீவுகள் இவையே என்பர். அங்கே பேசும் திவேகி மொழிக்கு வலமிருந்து இடமாக எழுதும் தானா என்னும் தனியெழுத்து உண்டு. தொலைவரிப் பொறிக்கு ஏற்கவில்லை என்று 1976-இல் அவ் வெழுத்தை ஒதுக்கி, அரசு அலுவலுக்கு உரோமன் எழுத்தைப் புகுத்தினர். இரண்டே ஆண்டில், 1978-இல் புதிய அரசு வந்ததும் தானா மீண்டது. அப் பொறி இன்று பயனற்றுப் போயிற்று. தானா எழுத்து வாழ்கிறது. பொறிக்கு ஏற்ப மொழியை வெட்டுவோர்க்கு இதைவிட நல்ல விடை வேண்டுமா?

எழுத்து மீண்டது, பயிற்றுமொழி மீளவில்லை. அறிவியலும் கணக்கும் ஆங்கிலத்தில் அமைந்தமையால், அவற்றைக் கற்பிக்க அயல்நாட்டாரை நெடுங்காலம் நம்பியிருக்க நேர்ந்தது. தமிழாசிரியர்க்கு அதனால் வேலை கிடைத்தது உண்மை. பிறன் வீட்டுக் குறையில் தன் வீட்டுப் பிழைப்பு நடப்பதைக் கொண்டு அக் குறையையே தன் வீட்டுக்கும் வேண்டுவார் உண்டோ? எத்தியோப்பியாவோ 1994-இல் வகுத்த கல்விக் கொள்கையால் தொடக்கக் கல்வியை அவ்வவ் இனத்தார் தாய்மொழிகளுக்கு மாற்றியது.

அயல்நாட்டில் ஆசிரியராக ஊன்றுவது எவ்வாறு என்பதற்குத் தமிழர் தம் மண்ணிலேயே ஒரு சான்று உளது. அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுக்கு கிரீன் 1847-இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து, மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். அவரிடம் கற்றவர் அரசுச் சம்பளத்தை நாடி ஊரை விட்டுப் போயினர். ஊர் மக்கட்கு மருத்துவர் இல்லை. கிரீன் தமிழைக் கற்றார்; மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார்; 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூற்றுக்கும் பிணிக்கும் மருந்துக்கும் தமிழில் சொல் இல்லை என்று அவர் கைவிரிக்கவில்லை. சொல்லைத் தேடினார், இல்லாதவிடத்து ஆக்கினார். கடல் கடந்து வந்த வெள்ளையர்க்குத் தோன்றிய அவ்வெண்ணம், ஆரணியில் பள்ளி நடத்தும் தமிழர்க்குத் தோன்றவில்லையே என்பது நெஞ்சைச் சுடுவது.

1751-இல் இராபர்ட்டு கிளைவு ஆரணியருகே போரிட்டு வென்றான். அவன் ஆட்சி வழியினர் 1947-இல் கப்பலேறினர். அவர் கூடத் தொடக்கப் பள்ளியின் பயிற்றுமொழியை இவ்வளவு கெடுக்கவில்லை. சிற்றூர்ப் பிள்ளை தமிழிலேயே எண்ணும் எழுத்தும் கற்றான். விடுதலைக்குப் பின்தான் ஆங்கிலவழித் தனியார் பள்ளிகள் தெருத்தோறும் முளைத்தன. ஐந்தாம் வகுப்பு வரையிலேனும் தமிழ் அல்லது தாய்மொழி பயிற்றுமொழியாக வேண்டும் என்று 1999-இல் தமிழக அரசு ஆணை பிறப்பித்தது. 2000-இல் உயர்நீதிமன்றம் அதனை நீக்கியது. 2006-இல் வந்த சட்டம் தமிழை ஒரு பாடமாக்கியது, அவ்வளவே. தமிழ்வழியில் படித்தார்க்கு அரசு வேலையில் நூற்றுக்கு இருபது இடம் என்று 2010-இல் சட்டம் வந்தது. 2012-13 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் தொடங்கப்பட்டன. ஒரு கையால் நட்டு மறு கையால் பிடுங்கும் வேலை.

நெசவாளர் அறிந்த ஒன்றைச் சொன்னால் அவர்க்கு எளிதில் விளங்கும். தறியில் ஒரு பாவு நெய்து முடியும்போது, அதன் இறுதி இழைகளை முற்றும் அறுத்தெறிவதில்லை. விழுதிலும் பண்ணையிலும் கோத்தபடியே அவற்றை விட்டுவைத்து, புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அவற்றோடு முறுக்கிப் பிணைப்பர். ஆயிரக்கணக்கான இழைகள், விரல் தேர்ந்தவர்க்கே வரும் வேலை. பிணைத்தபின் இழுத்தால், புது இழை பழைய இழையின் வழியே விழுதையும் பண்ணையையும் கடந்து வந்து நிற்கும். பழைய பாவை அறுத்துவிட்டால் ஒவ்வோர் இழையையும் முதலிலிருந்து கோக்க வேண்டும். ஆங்கிலவழி மழலையர் பள்ளி செய்வது பாவை அறுக்கும் வேலை. தன் தறியில் எந்த நெசவாளனும் செய்யாத ஒன்றைத் தன் பிள்ளையின் நாவில் செய்யப் பணம் கட்டுகிறான்.

தமிழ்வழிப் பள்ளிகளில் ஆங்கிலப் பாடம் இன்று கற்பிக்கப்படும் முறையும் போற்றத்தக்கதன்று. உரைநூலை மனப்பாடம் செய்து தேர்வில் கொட்டுவது மொழிக்கல்வி ஆகாது. பத்தாண்டு ஆங்கிலம் கற்றும் ஒரு மடல் எழுத வராத பிள்ளையைக் கண்டு பெற்றோர் அஞ்சுவதில் தவறில்லை. அவ் வச்சமே அவரை ஆங்கிலவழிக்குத் துரத்துகிறது. இதனைத் தமிழ்ப் பற்றாளர் மழுப்பாமல் ஒப்ப வேண்டும். ஆங்கிலத்தை ஒரு மொழியாக, நன்கு கற்பிக்கும் தமிழ்வழிப் பள்ளி ஊருக்கு ஒன்று எழுமாயின், மேடைப் பேச்சு நூறு செய்யாததை அது செய்யும்.

அதற்குரிய ஆசிரியர் யார்? கடல் கடந்து சென்று, தம் மொழி ஒரு சொல்லும் அறியாத பிள்ளைகட்கு ஆங்கிலம் புகட்டித் திரும்புவோரே. படத்தாலும் பாட்டாலும் ஆட்டத்தாலும் கற்பிக்கும் கைத்திறன் அவரிடம் உண்டு. தாய்மொழி ஆசிரியர் அருகில் நின்றால் பாடம் எப்படி ஓடும் என்பதைக் கண்ணால் கண்டவர் அவர். அவருள் ஒருவர் விடுமுறைக்கு ஊர் வரும்போது, உறவினர் வீடுகளில் அயல்நாட்டு இனிப்பைப் பங்கிட்டுப் புறப்படாமல், ஒரு கிழமையேனும் சேவூரிலோ தேவிகாபுரத்திலோ உள்ள தமிழ்வழிப் பள்ளியில் நிற்கட்டும். தலைமையாசிரியர்கள் அவரை அழைக்கட்டும். பெற்றோரையும் பின்னிருக்கையில் அமர்த்தட்டும். கொரியப் பிள்ளை தன் மொழியில் கணக்குக் கற்று, ஆங்கிலத்தைத் தனியே கற்கும் செய்தியை, அங்கே நின்று பார்த்தவர் வாயால் அப் பெற்றோர் கேட்கட்டும். அடுத்த ஆண்டுச் சேர்க்கைக்குமுன் இது நடந்தால், அடகுக் கடைக்குப் போகும் நகைகளில் சிலவாவது வீட்டிலேயே தங்கும்.